'சிபில் இல்லை' என்றால் என்ன? படிக்கிற வயதில் முதல் கிரெடிட் கார்டு

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு நாள், என் சித்தி மகன் ஒரே ராத்திரியில் நான்கு ஆப்களில் கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டான். நான்கிலும் 'முடியாது' என்றே பதில் வந்தது. பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான், மதுரை திருநகரில் வீடு. மறுநாள் காலையில் முகம் வாடி வந்து, "அக்கா, எனக்கு சிபில் அடிபட்டுருச்சாம்" என்றான். யார் சொன்னது என்றால், கூடப் படிக்கிற பையன் சொன்னானாம்.

அவன் அதுவரை ஒரு ரூபாய் கடன் வாங்கியதில்லை. வாங்காத கடனுக்குப் பெயர் எப்படிக் கெடும்?

நாம் கடன் வாங்கிக் கட்டிய கதையை எழுதி வைக்கிற ஒரு நிறுவனத்தின் பெயர் சிபில். அந்தச் சொல் இப்போது டீக்கடை வரை வந்துவிட்டது. 'சிபில் போச்சு', 'சிபில் இல்லை', 'சிபில்ல பேர் ஏறிருச்சு' என்று மூன்றையும் ஒரே அர்த்தத்தில் பேசுகிறோம். மூன்றும் வேறு வேறு. அது தெரியாததால் படிக்கிற பிள்ளைகள் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். பயம் போனதும் தேவையில்லாமல் துணிந்தும் விடுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன்.

அப்பாவின் பற்று நோட்டு

விளாங்குடியில் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பற்று நோட்டு எழுதுவது என் வேலை. ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். எந்தத் தேதியில் என்ன வாங்கினார்கள், எப்போது எவ்வளவு கொடுத்தார்கள், பாக்கி எவ்வளவு. அவ்வளவுதான் அதில் இருக்கும்.

சம்பளம் வந்ததும் நேராகக் கடைக்கு வந்து கணக்கு முடிக்கிற வீடு என்றால், அவர்கள் சொல்லி அனுப்பிய உடனே அரிசிச் சிப்பம் போய்விடும். 'அடுத்த வாரம், அடுத்த வாரம்' என்று இழுக்கிற வீடு என்றால், அப்பா அந்தப் பக்கத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் தராசைத் தொடுவார்.

தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர் கடன் கேட்டால்? அப்பா அவரை நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ சொல்லமாட்டார். "உங்களுக்கு இன்னும் பக்கமே போடலையே" என்பார். முதல் ஒன்றிரண்டு மாதம் ரொக்கம்தான்.

என் தம்பியின் நிலைமை இதுதான். அவன் பக்கத்தில் கறை எதுவும் இல்லை, ஏனென்றால் அவனுக்குப் பக்கமே இல்லை. 'சிபில் இல்லை' என்பது பக்கம் இல்லாதது. 'சிபில் போச்சு' என்பது பக்கம் இருந்து அதில் தவணை தவறியது எழுதப்பட்டிருப்பது. 'பேர் ஏறிருச்சு' என்பதில் பயப்பட ஒன்றும் இல்லை. ஒழுங்காகக் கட்டுகிறவர் பெயரும் ஏறத்தான் செய்யும்.

நாட்டுக்கான நோட்டு எங்கே இருக்கிறது?

அப்பாவின் நோட்டு அவர் கடையோடு சரி. வங்கிகளுக்கு எல்லாருக்கும் பொதுவான நோட்டு வேண்டும். அதை எழுதி வைக்கிற அமைப்புக்குக் கடன் தகவல் நிறுவனம் என்று பெயர். இந்தியாவில் இப்போது நான்கு இருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். முதலில் வந்தது சிபில், 2000-இல். நகல் எடுப்பதை ஜெராக்ஸ் என்று சொல்லிப் பழகியது போல, முதலில் வந்த பெயரே எல்லாவற்றுக்கும் பெயராகிவிட்டது. இந்த நிறுவனங்களுக்கென்று 2005-இல் தனிச் சட்டம் வந்தது. இவை ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் இருக்கின்றன.

உங்கள் பக்கத்துக்குப் பெயர் கடன் அறிக்கை. அந்தப் பக்கம் முழுவதையும் படித்து 300-க்கும் 900-க்கும் இடையில் போடுகிற ஓர் எண்தான் ஸ்கோர். பக்கமே இல்லாதவருக்கு எண் வராது, -1 என்றோ 'என்.ஹெச்.' என்றோ இருக்கும். 'வரலாறு இல்லை' என்பதன் சுருக்கம் அது. மைனஸ் என்றதும் கடனாளி என்று நினைத்துக் கலங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது வெற்றுப் பக்கத்தின் அடையாளம், வேறொன்றும் இல்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். சிபில் யாருக்கும் கடன் கொடுப்பதுமில்லை, மறுப்பதுமில்லை. நோட்டைக் காட்டும். முடிவு வங்கியுடையது.

அப்புறம், நோட்டில் எது ஏறும், எது ஏறாது? சேமிப்புக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, ஏ.டி.எம். கார்டை எத்தனை முறை தேய்த்தீர்கள், ஜிபேயில் தினமும் எத்தனை பேருக்குப் பணம் அனுப்பினீர்கள் என்பதெல்லாம் ஏறாது. அது உங்கள் சொந்தப் பணம், கடன் இல்லை. "நாலு வருசமா ஜிபே பண்றேன், எனக்கு ஸ்கோர் இருக்கும்ல?" என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். கல்விக் கடன், வங்கியில் வைத்த நகைக்கடன், பைக் கடன், போனுக்குப் போட்ட இ.எம்.ஐ., ஆப்களில் வருகிற 'பிறகு கட்டலாம்' வசதி, கிரெடிட் கார்டு எல்லாம் ஏறும். நண்பனுக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்தும் ஏறும். அவன் கட்டாவிட்டால் உங்கள் பக்கத்திலும் தெரியும்.

இதுவரை சொன்னது: ஸ்கோர் இல்லாதது குற்றம் இல்லை. கடன் சம்பந்தப்பட்ட கதை மட்டுமே நோட்டில் ஏறும், கையில் இருக்கிற பணம் ஏறாது.

கல்விக் கடன் வாங்கியவரா? உங்களுக்குப் பக்கம் இருக்கலாம்

'எனக்கு எதுவும் இல்லை' என்று சொல்கிற மாணவர்களில் பலருக்கு உண்மையில் பக்கம் இருக்கிறது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து கல்லூரிக்கு வருகிற பிள்ளைகளில் கல்விக் கடனில் படிப்பவர்கள் நிறைய. அந்தக் கடனில் கடன்காரர் மாணவர், பெற்றோர் கூட்டுக் கடன்காரர். ஆக அது இரண்டு பேர் பக்கத்திலும் எழுதப்படும். "அப்பா வாங்கின லோன்" என்று வீட்டில் சொன்னாலும், நோட்டில் உங்கள் பெயரும் இருக்கிறது.

படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பது பொதுவான ஏற்பாடு. அந்தக் காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். படிப்பு முடிந்து, வேலை தேடி சென்னைக்கோ பெங்களூருக்கோ போய், போன் நம்பரை மாற்றி, வங்கி அனுப்பிய கடிதம் ஊர் வீட்டில் பிரிக்காமல் கிடந்து, தவணை தவறுகிறது. பெயர் கெடுவது இப்படித்தான். அப்பாவின் பெயரும் சேர்ந்து கெடுகிறது. அடுத்த வருடம் அவர் உங்கள் தங்கை கல்யாணத்துக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போதுதான் அது தெரியவரும்.

அதனால் எந்தக் கார்டுக்கும் விண்ணப்பிக்கும் முன் உங்கள் பக்கத்தைப் பாருங்கள். நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. நேராக அவர்கள் இணையதளத்துக்குப் போய் வாங்கலாம். நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

பார்க்கும்போது பெயரைக் கவனியுங்கள். நம் ஊரில் இனிஷியல் ஒரு தனிப் பிரச்சினை. ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து, பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக முன்னால், மார்க் ஷீட்டில் வேறு மாதிரி. நோட்டில் ஆளை அடையாளம் காண்பது பான் எண், பெயர், பிறந்த தேதி இவற்றை வைத்துத்தான். பெயர் ஒத்துப்போகாவிட்டால் வேறொருவர் கடன் உங்கள் பக்கத்தில் வந்து உட்காரலாம். தவறு இருந்தால் அங்கேயே புகார் பதியலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதன் பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-இல் சொல்லியிருக்கிறது.

கீழமாசி வீதி முன்பணம்

சரி, பக்கம் இல்லை, சம்பளமும் இல்லை. கார்டு எப்படிக் கிடைக்கும்?

மறுபடியும் அப்பா கதைக்கே வருகிறேன். அவர் கடை ஆரம்பித்த புதிதில் கீழமாசி வீதி மொத்தக் கடையில் யாரும் அவருக்குச் சரக்கைக் கடனுக்குத் தரவில்லை. முன்பணம் கட்டச் சொன்னார்கள். கட்டிய தொகை அளவுக்குள் பருப்பு, எண்ணெய், சீனி எடுத்துக்கொள்ளலாம். பதினைந்து நாளில் பில்லை அடைக்க வேண்டும். முன்பணத்தில் கழிக்கச் சொல்லக் கூடாது, அது பாட்டுக்கு அங்கே இருக்கும். ஒரு வருடம் தேதி தவறாமல் அடைத்தார். அப்புறம் கடைக்காரரே கூப்பிட்டு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து, "இனி சும்மாவே எடுத்துட்டுப் போங்க" என்றார்.

வங்கியில் இதற்குப் பெயர் எஃப்.டி.க்கு எதிரான கிரெடிட் கார்டு. நீங்கள் ஒரு தொகையை எஃப்.டி., அதாவது குறித்த காலத்துக்கான வைப்பாகப் போடுகிறீர்கள். அதில் 75 முதல் 100 சதவீதம் வரை, வங்கியைப் பொறுத்து, கார்டின் லிமிட்டாக வைக்கிறார்கள். லிமிட் என்றால் அதிகபட்சம் எவ்வளவு வரை கடன் எடுக்கலாம் என்பது. எஃப்.டி.க்கு வட்டி வழக்கம்போல வரும், ஆனால் கார்டு இருக்கும் வரை அதை உடைக்க முடியாது. வங்கி இப்படிப் பிடித்து வைப்பதற்கு லீன் என்று பெயர்.

மாணவருக்கு ஏற்ற வழி இதுதான் என்பது என் கருத்து. 18 வயது முடிந்திருக்க வேண்டும், பான், ஆதார், வங்கிக் கணக்கு வேண்டும். குறைந்தபட்சத் தொகை வங்கிக்கு வங்கி மாறும். உங்கள் கணக்கு இருக்கும் கிளையிலேயே போய்க் கேளுங்கள். என் தம்பி 20,000 ரூபாய் போட்டான், லிமிட் 18,000 கிடைத்தது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வாங்குகிற பிள்ளைகள் அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம் என்று தோன்றும். அந்தப் பணம் புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் வேண்டியதென்றால் தயவுசெய்து அதை எஃப்.டி.யில் பூட்டாதீர்கள். கார்டு காத்திருக்கும், படிப்பு காத்திருக்காது.

அப்பா அம்மா கார்டோடு சேர்த்துக் கொடுக்கிற கூடுதல் கார்டும் உண்டு. அதில் பொறுப்பு முழுவதும் முதன்மைக் கார்டுக்காரருடையது. உங்களுக்குத் தனிப் பக்கம் விழும் என்று அதை நம்ப வேண்டாம்.

முதல்முறை கடன் கேட்பவரை வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்க வேண்டாம் என்று 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியது உண்மை. கொடுத்தே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. திருப்பிக் கட்ட வருமானம் உண்டா என்று வங்கி பார்க்கும். என் தம்பிக்கு நான்கு இடத்திலும் இடித்தது அங்கேதான்.

அவன் செய்த இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். கடன் கேட்டு ஒவ்வொரு முறை விண்ணப்பிக்கும்போதும் வங்கி நோட்டைத் திறந்து பார்க்கிறது, பார்த்ததும் நோட்டில் பதிவாகிறது. இதற்கு விசாரணை என்று பெயர். ஒரே நாளில் நாலு கடையில் கடன் கேட்டவரை ஐந்தாவது கடைக்காரர் எப்படிப் பார்ப்பார்? அப்படித்தான் இதுவும். ஓரிடத்தில் கேளுங்கள். கிடைக்கவில்லையா, ஆறு மாதம் பொறுங்கள்.

இரண்டு தேதிகள்

கார்டைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால், இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு மாதச் செலவை மொத்தமாகக் கூட்டிப் பில் போடுகிற நாள் ஸ்டேட்மென்ட் தேதி. அந்தப் பில்லைக் கட்டி முடிக்க வேண்டிய நாள் கடைசித் தேதி. இரண்டுக்கும் நடுவில் இருபது நாள் போல இருக்கும்.

தம்பிக்கு ஸ்டேட்மென்ட் ஒவ்வொரு மாதமும் 12-ஆம் தேதி. ஜூன் 13-இல் ஒரு கால்குலேட்டர் வாங்குகிறான் என்று வைப்போம். அது ஜூலை 12 பில்லில் வரும், ஆகஸ்ட் 1-க்குள் கட்டினால் போதும். 49 நாள் வட்டி இல்லாத கடன். அதையே ஜூலை 11-இல் வாங்கினால்? அதே பில், அதே ஆகஸ்ட் 1. இப்போது 21 நாள்தான். 'ஐம்பது நாள் வட்டி கிடையாது' என்று விளம்பரத்தில் வருவது பில் போட்ட மறுநாள் வாங்கும் பொருளுக்கு மட்டும் பொருந்தும் கணக்கு.

கடைசித் தேதியன்று ராத்திரி கட்டும் பழக்கம் வேண்டாம். சர்வர் வேலை செய்யவில்லை என்றால் நோட்டுக்குத் தெரியாது. தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதம் என்று நோட்டில் எழுதலாம் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அது அவசரத்துக்கான இடைவெளி. அதை நம்பி மாதத்தை ஓட்டக் கூடாது. சேமிப்புக் கணக்கிலிருந்து முழுத் தொகையும் தானாகப் போகும்படி வைத்துவிடுங்கள். அதில் 'முழுத் தொகை', 'மினிமம்' என்று இரண்டு கேட்கும். முதலாவதைத் தொடுங்கள்.

மினிமம் டியூ: மூன்றரை வட்டிக் கடன்

பில்லில் 'மொத்தம் 8,000' என்று ஒரு வரி, கீழே 'குறைந்தபட்சம் 400' என்று ஒரு வரி. அந்த இரண்டாவது வரிதான் மினிமம் டியூ, பெரும்பாலும் மொத்தத்தில் 5 சதவீதம். 400 கட்டினால் தாமதக் கட்டணம் வராது, நோட்டிலும் தவறியதாக ஏறாது. அதனால் 'கட்டியாச்சு' என்று நினைக்கிறோம். கட்டி முடியவில்லை. மீதி 7,600-க்கு வட்டி ஆரம்பித்துவிட்டது. அதுவும் கடைசித் தேதியிலிருந்து இல்லை, பொருள் வாங்கிய தேதியிலிருந்து. அது மட்டுமா, பாக்கி தீரும் வரை புதிதாக வாங்குகிற பொருளுக்கும் அந்த வட்டியில்லா நாட்கள் கிடையாது.

எவ்வளவு வட்டி? மாதம் மூன்றரை சதவீதம் சாதாரணம். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் மூன்றரை வட்டி. நூறு ரூபாய்க்கு மாதம் மூன்றரை ரூபாய். வங்கி நகைக்கடன் ஒரு வட்டிக்கும் கீழே கிடைக்கிற ஊரில், மூன்றரை வட்டிக்கு யாராவது பணம் தருவதாகச் சொன்னால் உங்கள் பாட்டியே 'வேண்டாம்' என்பார். கார்டில் அதே வட்டி ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் இருப்பதால் உறைப்பதில்லை.

கணக்குப் போடுவோம். 7,600-க்கு ஒரு மாத வட்டி 266 ரூபாய். வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 48 ரூபாய். ஆக 314. அடுத்த மாதமும் 400 மட்டும் கட்டினால் அசலில் குறைவது 86 ரூபாய். வருடத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னதை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆக அந்தக் கூரையும் இப்போது இல்லை.

கார்டை ஏ.டி.எம்.மில் போட்டுப் பணம் எடுப்பது இதைவிட மோசம். எடுத்த நாளிலிருந்தே வட்டி, தனிக் கட்டணம் வேறு.

'எஃப்.டி. இருக்கிறதே, அதில் எடுத்துக்கொள்ளட்டும்' என்று விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். வங்கி எடுத்துக்கொள்ளும்தான். ஆனால் அதற்கு முன் தவறிய மாதங்கள் ஒவ்வொன்றும் நோட்டில் ஏறியிருக்கும். பணமும் போய், எதற்காகப் பணம் போட்டோமோ அந்தப் பெயரும் போகும்.

இதுவரை சொன்னது: எஃப்.டி. என்பது முன்பணம். ஸ்டேட்மென்ட் வந்ததும் முழுத் தொகையையும் கட்டினால் வட்டி ஒரு பைசாவும் இல்லை. கொஞ்சம் பாக்கி வைத்தால்தான் ஸ்கோர் ஏறும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எவ்வளவு செலவழிப்பது?

லிமிட் 18,000 என்றால் 18,000-க்கும் வாங்கலாம் என்றுதான் தோன்றும். எப்போதும் லிமிட்டின் விளிம்பில் நிற்பவர் கைக்கு மீறி வாழ்கிறார் என்று நோட்டைப் படிப்பவர் நினைப்பார். லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் நிறுத்துவது பொதுவான வழக்கம். தம்பிக்கு அது 5,400 ரூபாய். நான் அவனிடம் சொன்னது அதைவிடவும் குறைவு: மொபைல் ரீசார்ஜும் பைக் பெட்ரோலும் மட்டும் கார்டில் போடு, மற்றதெல்லாம் பழையபடி.

ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யோடு இணைக்கலாம் என்று 2022-இல் அனுமதி வந்தது. இங்கே கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடித்துவிட்டு ஸ்கேன் செய்யும்போது, போவது நம் பணமா கடனா என்று கைக்குத் தெரியாது. நாற்பதும் ஐம்பதுமாகச் சேர்ந்து 12-ஆம் தேதி பில்லாக வந்து நிற்கும்போதுதான் தெரியும். முதல் ஆறு மாதம் இணைக்காமல் இருந்தால் நல்லது.

வங்கிகள் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறை நோட்டுக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்று 2025 ஜனவரியில் விதி வந்தது. இருந்தாலும் ஸ்கோர் என்று ஓர் எண் வர ஏறக்குறைய ஆறு மாதக் கதை வேண்டும். ஒரு வருடம் ஆனதும் எஃப்.டி. இல்லாத கார்டுக்கு மாற்ற முடியுமா என்று அதே வங்கியில் கேட்கலாம். கார்டே வேண்டாம் என்றாலும் சரி. பாக்கி இல்லாமல் எழுதிக் கொடுத்தால் ஏழு வேலை நாளில் மூட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். லீன் விலகி எஃப்.டி. உங்கள் கைக்கு வரும்.

தம்பி போன வாரம் தன் அறிக்கையை எடுத்துவந்து காட்டினான். -1 இருந்த இடத்தில் மூன்று இலக்க எண் ஒன்று வந்திருக்கிறது. கட்டிய மாதங்கள் வரிசையாக இருக்கின்றன, ஒன்றும் தவறவில்லை. பக்கத்தின் அடியில், போன வருடம் அந்த ஒரே ராத்திரியில் கேட்ட நான்கு விசாரணைகளும் ஒரே தேதியில் அப்படியே நிற்கின்றன.